நாமக்கல் ரோட்டில் நொண்டிய பென்ஸ்

தொப்பூர் இறக்கம் முடிந்ததும் காற்றின் சூடு மாறிவிடும். தருமபுரி மேட்டு நிலத்தில் இருந்த கொஞ்சநஞ்சக் குளுமையும் ஓமலூர் தாண்டும்போது காணாமல் போகும். சேலத்தைச் சுற்றிக்கொண்டு சீலநாயக்கன்பட்டியில் தெற்கே திரும்பினால், இடப்பக்கம் ஜருகுமலை கூடவே வரும். அதன் பிறகு மல்லூர், ஆண்டகளூர்கேட், புதுச்சத்திரம், நாமக்கல். ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில், இது ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான ஒரு துண்டு. பழைய ஆட்கள் இன்றும் இதை 'ஏழாம் நம்பர் ரோடு' என்பார்கள்.

இந்தச் சாலையில் ஒரு சித்திரை மாதப் பகலில், 2004-ம் வருட மாடல் பென்ஸ் இ-கிளாஸ் கார் ஒன்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அல்ல. பழைய சொகுசு கார் வைத்திருக்கும் யாருக்கும் நடக்கக்கூடியது.

ஓட்டுபவருக்கு அறுபத்திரண்டு வயது. நாமக்கல் பக்கத்துக் கிராமம். முப்பது வருடம் ரிக் வண்டித் தொழில். ஆந்திரா, ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று போர்வெல் போட்டு, மண்ணிலும் தூசியிலும் பாதி ஆயுளைக் கழித்தவர். தனக்கென்று வாங்கிய ஒரே ஆடம்பரம் இந்த கார்தான். அதுவும் பத்து வருடத்துக்கு முன்பு இரண்டாம் கையாக வாங்கியது. பின்சீட்டில் மனைவியும் மகளும். பெங்களூருவில் வளைகாப்பு முடித்து, ஏழு மாதக் கர்ப்பிணியான மகளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள்.

மல்லூரைத் தாண்டி ஒரு சிக்னலில் நின்று கிளம்பியபோதுதான் அது நடக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறுகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை. முள் ஐம்பதைத் தொடவே திணறுகிறது. அடுத்த கியர் விழவே இல்லை.

"அப்பா, என்னமோ மாதிரி சத்தம் வருதே?" என்கிறாள் மகள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. ஓரமா நிறுத்திப் பாக்கறேன்" என்கிறார் அவர். அவருக்கும் உள்ளுக்குள் திக்கென்றுதான் இருக்கிறது.

சங்கிலியைக் கீழே வைத்த மெக்கானிக்

இடது ஓரம் ஒதுங்கி, நான்கு பக்க விளக்கையும் மினுக்கவிட்டு, லீவரைப் 'பி'யில் போட்டு இன்ஜினை அணைக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிளப்பினால் வண்டி பழையபடி ஓடுகிறது. எல்லோர் முகத்திலும் நிம்மதி. அது பத்து கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. ஆண்டகளூர்கேட் தாண்டியதும் மறுபடி அதே அலறல், அதே ஐம்பது. மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து, சாலையோர லாரிப் பட்டறை ஒன்றின் புளியமர நிழலில் நிறுத்துகிறார்.

பட்டறைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார். காரைப் பார்ப்பதற்கு முன் பின்சீட்டைப் பார்க்கிறார்.

"ஏனுங்ண்ணா, அம்முணிய மொதல்ல ஊட்டுக்கு அனுச்சுருங்க. வண்டி எங்கயும் ஓடிராது."

அதுதான் சரியான வரிசை. சித்திரை வெயிலில், லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டு யோசிக்க வேண்டிய விஷயம் அல்ல கியர்பாக்ஸ். நாமக்கல்லில் இருந்து அண்ணன் மகன் வேறு கார் எடுத்து வந்து பெண்கள் இருவரையும் அழைத்துப் போகிறான். அதற்குப் பிறகே பானெட் திறக்கப்படுகிறது.

"சங்கிலி போட்டு இழுத்துரலாமுங்க. டவுன்ல நமக்குத் தெரிஞ்ச பெரிய பட்டறை இருக்குது. பாஞ்சு கிலோமீட்டர்தான்" என்கிறார் மெக்கானிக்.

லாரிகள் விஷயத்தில் இந்தப் பக்கம் காலங்காலமாக நடப்பது அதுதான். நின்றுபோன வண்டியை இன்னொரு வண்டி கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் விடும். தெரிந்தவர்கள் இழுத்தால் காசுகூட வாங்க மாட்டார்கள். ஆனால் ரிக்காரர் காருக்கு அடியில் குனிந்து பார்க்கிறார். தரையில் சிவப்பாக இரண்டு சொட்டு.

"தம்பி, இன்ஜின் ஓடாம கியர்பாக்ஸுக்குள்ள ஆயில் பம்பு சுத்துமா?"

"சுத்தாதுங்ண்ணா."

"அப்ப ஆயில் ஏறாம, பின்னாடி சக்கரம் மட்டும் சுத்துனா உள்ள என்னாகும்?"

மெக்கானிக் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சங்கிலியைக் கீழே வைக்கிறார்.

அந்த ஒரு கேள்வி அன்றைக்கு ஒரு கியர்பாக்ஸைக் காப்பாற்றியிருக்கலாம். ஆட்டோமேட்டிக் காரில் உள்ளே எண்ணெயை ஓட்டும் பம்பைச் சுழற்றுவது இன்ஜின்தான். இன்ஜின் நின்றபடி வண்டியை இழுத்தால், ஓட்டும் சக்கரங்கள் சுழலும். அவற்றோடு கியர்பாக்ஸின் உள்ளிருக்கும் பாகங்களும் சுழலும். எண்ணெய் மட்டும் போய்ச் சேராது. அதனால்தான் கார்களோடு வரும் கையேடுகள், ஆட்டோமேட்டிக் வண்டியை இழுக்க வேகத்துக்கும் தூரத்துக்கும் கடுமையான எல்லை வைத்திருக்கின்றன. சில மாடல்களில் இழுக்கவே கூடாது. கியர்பாக்ஸிலேயே சந்தேகம் இருக்கும்போது, நான்கு சக்கரமும் தரையில் படாமல் மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுவதே நல்லது. அதற்கு ஆகும் வாடகை, உள்ளே ஒரு பேரிங் எரிந்துபோனால் ஆகும் செலவின் பக்கத்தில்கூட வராது.

ரிக்காரருக்கு எப்படித் தெரிந்தது?

அவர் கார் மெக்கானிசம் படித்தவர் இல்லை. ஆனால் எண்ணெயோடு முப்பது வருடம் வாழ்ந்தவர்.

திருச்செங்கோடு என்றதும் பக்தர்களுக்கு அர்த்தநாரீஸ்வரர் மலை ஞாபகம் வரும். தண்ணீர் இல்லாத ஊர்க்காரர்களுக்கு ரிக் வண்டிதான் ஞாபகம் வரும். இந்தப் பகுதியின் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்ப் போர்வெல் போடுகின்றன. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயிருக்கின்றன. அந்த வண்டியில் பாறையைக் குத்தும் ஹேமருக்குக் கம்ப்ரஸரின் காற்று வேண்டும். ராடைச் சுழற்றவும், மேலே கீழே ஏற்றி இறக்கவும் ஹைட்ராலிக் எண்ணெய் வேண்டும். டீசல் இன்ஜின் பம்பைச் சுழற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளும். எந்தக் குழாய்க்கு எவ்வளவு போக வேண்டும் என்பதை வால்வுகள் பார்த்துக்கொள்ளும். எண்ணெயில் தூசி விழுந்தாலோ, சூடு ஏறினாலோ, ஒரு சீல் கசிந்தாலோ அத்தனை பெரிய வண்டி காட்டுக்குள் பொம்மைபோல நிற்கும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் அதே வேலையைத்தான் ஒரு சின்னப் பெட்டிக்குள் செய்கிறது.

சாதாரண காரில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்ப்பது கிளட்ச். ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் 'டார்க் கன்வர்ட்டர்' என்ற உருண்டை இருக்கும். ஓடுகிற மின்விசிறிக்கு எதிரே ஓடாத விசிறியை வைத்தால், காற்று பட்டே அதுவும் சுற்றத் தொடங்கும் அல்லவா? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். ஜெர்மன் இன்ஜினீயர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-ல் இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றது காருக்காக அல்ல, கப்பலுக்காக. கார் உலகில், பெரிய அளவில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1940-ம் வருட மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் கொடுத்த 'ஹைட்ரா-மேட்டிக்'.

அந்த உருண்டைக்குப் பின்னால் பல்சக்கரங்கள். அவற்றில் எது சுழல வேண்டும், எது நிற்க வேண்டும் என்று பிடித்து விடுவது சின்னச் சின்னக் கிளட்ச் தட்டுகள். அந்தத் தட்டுகளை அழுத்துவது எண்ணெய். எண்ணெயை எந்த வழியில் விடுவது என்று பிரித்துக் கொடுப்பது 'வால்வ் பாடி'. அந்த வால்வுகளுக்கு உத்தரவு போடுவது ஒரு கம்ப்யூட்டர். ஆக, எண்ணெய்தான் இங்கே கையும் காலும். அதுவே மசகு, சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுவே.

ஓட்டுநர் என்ன செய்தாலும் இரண்டாவது கியரோடு நின்றுவிட்டதற்கும் காரணம் அந்தக் கம்ப்யூட்டர்தான். உள்ளே ஏதோ தப்பு என்று தெரிந்தால், அது மேற்கொண்டு கியர் மாற்றாமல் வண்டியை ஒரே கியரில் பூட்டிவிடும். 'லிம்ப் மோடு' என்பார்கள். நொண்டி நடை. பெட்டி செத்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இன்னும் கெடாமல் இருக்க, காலை ஊன்றாமல் நடக்கிறது என்று அர்த்தம்.

வண்டிகள் பிறக்கும் ஊர்

ரெக்கவரி வண்டி வருவதற்குள் புளியமரத்தடியில் யோசனைகள் குவிகின்றன. டீக்கடையில் இருந்தவர், லாரி டிரைவர், பக்கத்து டயர் கடைக்காரர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இந்த ஊரில் வண்டியைப் பற்றிப் பேசத் தெரியாதவர் கிடைப்பதுதான் கஷ்டம்.

காரணம் உண்டு. 1997 ஜனவரி 1-ம் தேதி சேலத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லுக்கு இரண்டு அடையாளம். ஒன்று முட்டை, மற்றொன்று லாரி. தொழிற்சாலையில் இருந்து கூடு இல்லாமல், வெறும் சேஸிஸாக வரும் லாரிகள் இங்கேதான் உடம்பு பெறுகின்றன. பலகை, தகடு, கேபின், பெயின்ட், முகப்பில் சாமி பெயர் என்று எல்லாம் முடிந்து முழு வண்டியாகக் கிளம்பும். சமையல் காஸ் டேங்கர் லாரிகளுக்கும் இது பேர்போன ஊர். மேற்கே சங்ககிரி, லாரி உரிமையாளர்களின் ஊர். தெற்கே காவிரியைத் தாண்டினால் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் கரூர். ஒரு நாள் காரில் சுற்றினால், இந்தியச் சாலைகளில் ஓடும் கனரக வண்டிகளின் பிறந்த வீடுகளில் பாதியைப் பார்த்துவிடலாம்.

இந்தப் பட்டறைகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெல்டிங் பொறி பறக்கும். கிரைண்டரில் இரும்புத் தூள் கொட்டும். லேத்தில் கடைந்த ஷாஃப்ட் சூடு ஆறாமல் கிடக்கும். கம்பெனியில் கிடைக்காத புஷ்ஷை, பழையதை வைத்து அளந்து, சாயங்காலத்துக்குள் கடைந்து கையில் கொடுத்துவிடுவார்கள். டீசல் பம்ப், ஸ்பிரிங் பட்டை, ரேடியேட்டர், கிரவுன் வீல் என்று கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சரிசெய்யக்கூடிய எதையும் இங்கே சரிசெய்துவிடலாம்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வால்வ் பாடிக்குள், வால்வுக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. லாரிப் பட்டறையின் காற்றில் மிதக்கும் ஒரே ஒரு இரும்புத் துகள் போதும், வால்வு நடுவழியில் சிக்கிக்கொள்ள. துடைக்கும் துணியின் நூலிழைகூட ஆகாது. கைத்திறமை குறைவு என்பதால் அல்ல, இடம் சுத்தமாக இல்லை என்பதாலேயே நல்ல பெட்டியும் கெட்டுப்போகும்.

"கழட்டிப் பாத்துரலாமுங்ண்ணா" என்று லாரி டிரைவர் சொன்னபோது, பட்டறைக்காரரே மறித்துவிடுகிறார்.

"வேண்டாமுங்க. இது நம்ம சோலி இல்ல. கழட்டறது சுலபம், மாட்டறதுதான் கஷ்டம்."

தனக்கு எது வராது என்று தெரிந்து சொல்லும் மெக்கானிக் கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம்.

போனது என்ன?

வழியில் போனில் பேசிய ஓர் இடத்தில், வண்டியைப் பார்க்காமலே 'கியர்பாக்ஸ் போச்சு, மொத்தமா மாத்தணும்' என்று தீர்ப்பு வந்தது. ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் அதிகம் பயப்படும் வாக்கியம் அது. பல நேரம் தேவையில்லாத வாக்கியமும்கூட.

முதலில் செய்ய வேண்டியது, கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் பிழைக் குறிப்புகளைப் படிப்பது. எல்லா வண்டிக்கும் பொதுவான சின்ன ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜினோடு நின்றுவிடும். அந்தந்த கார் வகைக்கான கருவி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கும் முன்னால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்தாலே சில வண்டிகள் நொண்டி நடைக்குப் போய்விடும்.

அடுத்தது எண்ணெய். நல்ல எண்ணெய் பெரும்பாலும் தெளிந்த சிவப்பாக இருக்கும். கறுத்துப்போய்க் கருகல் வாசனை அடித்தால், கிளட்ச் தட்டுகள் தேய்ந்து எரிந்திருக்கின்றன. ரோஸ்மில்க் மாதிரி வெளுத்திருந்தால் இன்னும் மோசம், தண்ணீர் கலந்துவிட்டது. சில கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய், ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கும். அங்கே உள்ளுக்குள் வெடிப்பு விட்டால் கூலன்ட்டும் கியர் எண்ணெயும் கலந்துவிடும். கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருப்பது காகித வகைப் பொருள். தண்ணீர் பட்டால் ஊறி உரிந்துவரும். பழைய காரில் ரேடியேட்டரைச் சரியான காலத்தில் மாற்றுவதுகூட கியர்பாக்ஸ் வைத்தியம்தான்.

சீரான வேகத்தில் போகும்போது, சாலையில் குறுக்குக் கோடுகள் மேல் ஓடுவதுபோல வண்டி லேசாக அதிர்ந்தால், டார்க் கன்வர்ட்டரின் உள்ளே இருக்கும் கிளட்ச்சைச் சந்தேகிக்கலாம். 'டி'யில் போட்டதும் ஓரிரு விநாடி தாமதித்துத் தடாலென்று கியர் விழுந்தால், எண்ணெய் குறைந்திருக்கலாம் அல்லது அழுத்தம் போதாமல் இருக்கலாம்.

இந்தக் கதையின் காரில் இருப்பது, பென்ஸ் 1996 முதல் பயன்படுத்திய 722.6 என்ற ஐந்து கியர் பெட்டி. உலகம் முழுக்க லட்சக்கணக்கான கார்களில் ஓடியது. உறுதிக்குப் பெயர் வாங்கியது. அதற்குத் தெரிந்த பலவீனங்கள் இரண்டு. ஒன்று, உள்ளே வேகத்தை அளக்கும் சென்சார்கள் பதித்த மின்தகடு. வயதானால் சென்சார் விட்டு விட்டு வேலை செய்யும். உடனே கம்ப்யூட்டர் வண்டியை இரண்டாவது கியரில் பூட்டிவிடும். அணைத்துக் கிளப்பினால் சில நேரம் சரியாகும், மறுபடி வரும். மற்றொன்று, வயர்கள் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பு. அதன் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் எண்ணெய் கசியும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, வயரின் உள்ளே ஏறிக் கம்ப்யூட்டர் பெட்டி வரைக்கும்கூடப் போய்விடும்.

தரையில் விழுந்த இரண்டு சிவப்புச் சொட்டும், அணைத்ததும் சரியாகி மறுபடி நொண்டியதும் இந்த இரண்டையும்தான் காட்டின. கருவி வைத்துப் பார்த்த இடத்திலும் அதுவே வந்தது. எண்ணெய் பழையதாக இருந்தாலும் கருகவில்லை. தேவைப்பட்டவை மின்தகடு, இணைப்பு, ஃபில்ட்டர், கேஸ்கெட், சரியான ரக எண்ணெய். பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

'ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்'

இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் ஒரு பழைய நம்பிக்கை. இந்த கியர்பாக்ஸ் வந்தபோது, எண்ணெய் 'ஆயுள் முழுக்க' போதும் என்றது பென்ஸ். பின்னாளில் கம்பெனியே 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றும் கணக்கைக் கொண்டுவந்தது. பி.எம்.டபிள்யூ உட்படப் பல கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனம், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. 'ஆயுள் முழுக்க' என்ற வார்த்தையை மட்டும் முதல் உரிமையாளர் இரண்டாமவரிடம் சொல்ல, அவர் மூன்றாமவரிடம் சொல்ல, அது காரோடு சேர்ந்து கைமாறிக்கொண்டே இருக்கிறது.

அதுவும் இந்தச் சமவெளியின் வெயிலுக்கு எந்த எண்ணெயும் சீக்கிரம் களைத்துவிடும். சமவெளி என்றாலும் சுற்றிலும் மலைகள். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள்; கொல்லிமலைக்கு 70. ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு கொல்லிமலை ஏறும் பழைய ஆட்டோமேட்டிக்கில், டார்க் கன்வர்ட்டர் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும். கடைந்தால் வெண்ணெய் வராது, சூடுதான் வரும். ஏறும்போது கியரை நாமே குறைத்து வைத்துக்கொண்டு, நடுவில் ஓரிடத்தில் நின்று இளைப்பாறிப் போவது நல்லது. இறங்கும்போதும் குறைந்த கியர்தான். 'என்'னில் போட்டு உருட்டவே கூடாது. கனரக வண்டிகள் கட்டுப்பாட்டை இழந்த செய்தி அடிக்கடி வரும் தொப்பூர் இறக்கத்துக்கும் அதே பாடம்.

இன்னொன்று. இப்போது சின்ன கார்களிலும் ஆட்டோமேட்டிக் வந்துவிட்டது. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி., சாதாரண கியர்பாக்ஸில் கிளட்ச்சையும் கியரையும் இயந்திரக் கை மாற்றும் ஏற்பாடு. சி.வி.டி.யில் பல்சக்கரத்துக்குப் பதில் பட்டை. டி.சி.டி.யில் இரண்டு கிளட்ச். ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் வேறு. 'ஆட்டோமேட்டிக் ஆயில்தானே' என்று ஒன்றுக்கானதை மற்றொன்றில் ஊற்றுவது, நல்ல பெட்டியை நாமே கொல்வதற்குச் சமம்.

விற்பதா, வைத்திருப்பதா?

வீட்டில் அன்று இரவு இன்னொரு பஞ்சாயத்து. "வயசான காலத்துல எதுக்குங்க இந்த வெள்ளை யானை? வந்த வெலைக்குத் தள்ளிவுடுங்க" என்கிறார் மனைவி. நிறைமாதத்தை நோக்கிப் போகும் மகள் வீட்டில் இருக்கும்போது, நடுரோட்டில் நிற்கும் வண்டி வேண்டாம் என்பது அவர் கவலை. அது நியாயமான கவலை.

பழைய சொகுசு காரில் இந்தக் கேள்வி வராமல் போகாது. வாங்கும் விலை வருடாவருடம் குறையும். உதிரி பாகத்தின் விலை குறையாது. கியர்பாக்ஸை முழுக்கப் பிரித்துச் செய்தால், செலவு சில நேரம் காரின் சந்தை விலையையே தொட்டுவிடும். கழித்த வண்டியில் இருந்து எடுத்த பழைய பெட்டியைப் போடலாம்; ஆனால் அதன் வரலாறு யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரோடு பொருந்த வைக்கும் வேலையும் இருக்கும். இன்ஜின், ஏசி, பாடி எல்லாமே நன்றாக இருந்து, கியர்பாக்ஸில் மட்டும் ஒரு பாகம் போயிருந்தால் செலவு செய்வதில் அர்த்தம் உண்டு. நாலு பக்கமும் ஒழுகும் கூரைக்கு ஒரு ஓடு மாற்றிப் பயன் இல்லை.

ரிக்காரர் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார். "போனது ஒரு தகடும் ஒரு ரப்பரும்தான். அதுக்காக வண்டிய விக்கறதா? ஆனா பாப்பாவ ஆஸ்பத்திரிக்கு இதுல கூட்டிட்டுப் போகல. அதுக்கு அண்ணன் பையன் வண்டி இருக்கட்டும்" என்கிறார். இருவர் சொன்னதும் நடக்கிறது. பழைய வண்டியை மதிப்பது வேறு, அவசரத்துக்கு அதையே நம்பி இருப்பது வேறு.

கார் திரும்பி வந்த அன்று நாமக்கல் கோட்டைக்கு வண்டியை விடுகிறார்கள். மேலே கூரையில்லாமல், 18 அடி உயரத்தில் எதிரே நரசிம்மரைப் பார்த்து நிற்கும் ஆஞ்சநேயருக்கு ஒரு வடைமாலை. வரும் வழியில் புளியமரத்துப் பட்டறையில் நிறுத்தி, மெக்கானிக்குக்கும் பிரசாதம் கொடுக்கிறார். "இப்ப எப்படிங்ண்ணா ஓடுது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரே குனிந்து அடியில் பார்க்கிறார். சொட்டு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ரிக்காரர் அலமாரியில் இருந்து ஒரு நோட்டை எடுக்கிறார். ஒவ்வொரு ரிக் வண்டிக்கும் எந்தத் தேதியில் என்ன எண்ணெய் மாற்றினோம் என்று முப்பது வருடம் எழுதி வைத்த பழக்கம். இந்த காருக்கு மட்டும் இதுவரை எழுதியதில்லை. புதுப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, தேதி, ஓடிய கிலோமீட்டர், எண்ணெயின் ரகம் மூன்றையும் எழுதுகிறார். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'அடுத்தது, இன்னும் 60,000-ல்.'

வண்டி நொண்டினால்…

* முதலில் ஆட்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்புங்கள். காரைப் பிறகு பார்க்கலாம்.
* 'பி'யில் போட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து ஒருமுறை கிளப்பிப் பாருங்கள். சரியானாலும் பிழைக் குறிப்பைப் படிக்காமல் விடாதீர்கள்.
* அடியில் எண்ணெய் சொட்டினாலோ கருகல் வாசனை அடித்தாலோ மேலும் ஓட்டாதீர்கள்.
* கயிறோ சங்கிலியோ கட்டி இழுக்க விடாதீர்கள். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ரெக்கவரி வண்டியைக் கேளுங்கள்.
* வண்டியைப் பார்க்காமல் 'மொத்தமா மாத்தணும்' என்பவரிடம் பெட்டியைத் திறக்கக் கொடுக்காதீர்கள்.
* பழைய ஆட்டோமேட்டிக் வாங்கும்போது முதல் கேள்வி: 'கியர் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?'